எறும்பு பாயும் எங்கள் மேனேஜரும்

எறும்புகளை ‘அவங்க, இவங்க’ என்று மரியாதையாகவும், மனிதர்களை ‘நீ, வா, போ’ என்றும் பேசிய ஒரே ஆத்மா இந்தப் பூமியில் எறும்பு பாய்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற எல்லா விஷயத்திலும் அவர் என்னைக் குழப்பித்தான் வைத்திருந்தார்.

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டி ஒரு வீடு கட்டி, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அதற்கு வாட்ச்மேன், சமையல்காரர், தோட்டக்காரர் எல்லாம் பாய்தான். நிஜப் பெயர் என்னவென்று கேட்டால், அது ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும் என்பார்.

மணலில் கட்டிய வீடு, எறும்புக்குக் கேட்க வேண்டுமா? வருகிறவர்கள் பெட்டியை இறக்கியதும் எறும்புப் பொடிதான் கேட்பார்கள். பாய் தரமாட்டார். வந்திருப்பது யார் என்று தெரியாமல் வெளியே போ என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கட்சி. நாலு பூவரச இலை பறித்துவந்து, ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் கருவாட்டுத் தூள், ஒன்றில் தேங்காயெண்ணெய், ஒன்றில் சோற்றுப்பருக்கை வைத்து, பக்கத்தில் குந்திவிடுவார். எந்த இலைக்குப் போகிறது என்பதை வைத்து ஆள் யார் என்று முடிவு கட்டுவார். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் முழங்கையை நீட்டிக் கடி வாங்கிக்கொள்வார். சுருக்கென்று கடித்ததும், தொலைந்த உறவுக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி முகம் மலரும். ஒரு வெள்ளைக்காரர் இதை உள்ளூர்ச் சடங்கு என்று நினைத்துத் தானும் கையை நீட்டி, வீங்கிய கையால் கும்பிட்டுவிட்டுப் போனார். மெட்ராஸ் குடும்பம் ஒன்று, பாய் விசாரணையை முடிப்பதற்குள் டாக்ஸி பிடித்து முட்டுக்காட்டைத் தாண்டியிருந்தது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு எங்கள் மேனேஜரை அழைத்துப் போனது யார் என்கிறீர்களா? நான்தான். விதி.

நான் அப்போது செங்கல்பட்டில் ஒரு உரக் கம்பெனியில் டெம்பரரி டைப்பிஸ்ட். ஆறு மாதம் முடிந்திருந்தது. திங்கட்கிழமை மேனேஜர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். சனி, ஞாயிறு கடற்கரையில் தங்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டபோது, அவர் மனம் குளிரட்டும் என்று நானே முந்திக்கொண்டு வீட்டை ஏற்பாடு செய்தேன். போனதும் பாயைத் தனியாகக் கூப்பிட்டு, என் பிழைப்பே இந்த மனிதர் கையில் இருக்கிறது, இரண்டு நாள் எறும்புப் பேச்சு வேண்டாம் என்று கெஞ்சினேன். சரி என்று தலையாட்டினார்.

போனவர்கள் மூன்று பேர்: மேனேஜர், ஹெட்கிளார்க், நான். வீட்டில் இருந்தது ஒரே குளியலறை. மேனேஜர் போகிற இடத்துக்கு நாங்கள் போவது மரியாதையா? அதை அவருக்கே விட்டுவிட்டு, நானும் ஹெட்கிளார்க்கும் எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்த சவுக்குத் தோப்புக்கு நடந்தோம்.

ஞாயிறு காலை எழுந்து பார்த்தால், ஜன்னலிலிருந்து கூடத்தின் குறுக்கே கறுப்பாக ஒரு எறும்பு வரிசை. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை பாதி போய்விட்டது. எவனோ இனிப்பை ஒளித்து வைத்திருக்கிறான் என்று சொல்லி, பைகளைத் திறக்கச் சொன்னார். எதுவுமே கொண்டுவரவில்லை என்று முதல் நாள் சாதித்த ஹெட்கிளார்க்கின் பையிலிருந்து பன்னிரண்டு அதிரசம் வெளிப்பட்டது. என் பையில் கடலைமிட்டாய். எறும்பு இரண்டையும் சீந்தவில்லை.

பாய் நாலு இலையோடு வந்தார். எறும்புகள் சர்க்கரை இலையில் ஒரு நிமிஷம் நின்று விசாரித்துவிட்டு, மேலே நடந்தன. பாய்க்கு நாஸ்தா இறங்கவில்லை. சர்க்கரைக்கே மசியாத எறும்பை அவர் ஆயுசில் பார்த்ததில்லையாம். மண்டியிட்டு வரிசையின் கூடவே போனார். அது குளியலறைக்குள் நுழைந்து, சாக்கடை மூலையில் மொய்த்துக் கிடந்தது. அங்கேயே குந்தினார். ஒரு மணி நேரம் அசையவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது, இங்கே யார் யார் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை. எறும்பு பார்க்கப் போனவருக்குத் தியானம் கூடிவிட்டதோ என்று எனக்குக் குழப்பம்.

கடைசியில் எழுந்து நேராக மேனேஜர் முன்னால் வந்து நின்றார்.

“சார், இவங்க வூட்டுக்கு வரல. உன்னத் தேடிகினு வந்து கீறாங்க.”

“என்னய்யா உளர்றே?”

“உன் மூத்திரத்துல சர்க்கரை கீது. கடலு எங்கியும் போவாது, அப்பால பாக்கலாம். மொதல்ல டாக்டராண்ட போ.”

ஹெட்கிளார்க் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. மேனேஜர் பெட்டியைக் கட்டினார். அடுத்த பஸ். திருக்கழுக்குன்றம் தாண்டியும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எப்படி அடிப்பது என்று என் விரல்கள் மடியிலேயே தட்டிக்கொண்டு வந்தன.

திங்கட்கிழமை மேனேஜர் லீவு. அந்த வாரம் முழுக்க லீவு. என் காகிதம் அவர் மேஜையிலேயே கிடந்தது. அடுத்த வாரம் காலில் கட்டோடு வந்து என்னைக் கூப்பிட்டார். சர்க்கரை வியாதி, அதுவும் முற்றின நிலை. கால் விரலில் ஆறாமல் இருந்த புண்ணைச் செருப்புக்கடி என்று அலட்சியமாக விட்டிருக்கிறார். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் காலையே எடுத்திருப்போம் என்றாராம் டாக்டர். என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, புது லுங்கியும் சட்டையும் வாங்கி, பாயிடம் கொடுக்கச் சொன்னார்.

கொண்டுபோனேன். பாய் துணியைப் பிரித்தே பார்க்கவில்லை. “ஒனக்குக் கையெழுத்து வுழுந்துச்சா?” என்று கேட்டார். விழுந்தது என்றேன். பெருமூச்சு விட்டார்.

“அவுரு ஒருத்தருதான் அங்க போறாருன்னு நீ சொன்னியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு நைனா. சொன்னா உன் வேலை பூடும். சொல்லாட்டி அந்தாளு பூடுவாரு. இன்னா பண்றதுன்னு புரியாமதான் குந்திகினு இருந்தேன்.”

என் வேலைக்காக அம்மா விரதம் இருந்தாள், மாமா நாலு பேரிடம் சிபாரிசுக்கு அலைந்தார். எந்த உறவும் இல்லாமல், எனக்காகச் சாக்கடை ஓரத்தில் குந்திக் கவலைப்பட்டவர் பாய் ஒருவர்தான். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.