ஏழு பலத்துப் பாட்டு

இனிமேல் இந்த வீட்டில் லேசான இசைத்தட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம் ஒரு முடிவு எடுத்தேன். எடுத்தது கடையில், தராசுக்கு முன்னால். அறிவித்தது வீட்டில், சாப்பாட்டுக்கு முன்னால். சாப்பிட்ட பிறகு அறிவித்திருக்கலாம்.

செங்கல்பட்டு பஜாரில் எனக்கு மளிகைக் கடை. புளி, மிளகாய், வெல்லம் என்று எதையும் நிறுத்தே பழகிய கை. அப்படிப்பட்டவனுக்குக் கிராமபோன் பைத்தியம் பிடித்தால் என்ன ஆகும்? ஒரு நாள் இசைத்தட்டையும் தராசில் வைத்துவிட்டேன். யுத்தத்துக்கு முன்னால் வந்த பழைய தட்டு ஏழு பலம் நின்றது. அதே பாட்டு, அதே பாடகர், போன வருஷம் வந்த புதுத் தட்டு ஐந்தே பலம். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. மீதி இரண்டு பலம் பாட்டு எங்கே?

பக்கத்து வீட்டு ஏசுபாதத்திடம் கேட்டேன். அவர் ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. அவருக்கும் நாள் முழுக்கத் தராசோடுதான் வேலை.

"பாய், இது இன்னா பெரிய கேள்வி? கனமான தட்டுல கொரல் ஆழமா எறங்கும். லேசுத் தட்டுல எறங்க எடம் ஏது?"

இரண்டு தராசுக்காரர்கள் ஒரே மாதிரி நினைத்தால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

திருக்கழுக்குன்றத்தில் அருணகிரி என்று ஒருவர். அவர் மாமனார் விட்டுப்போன டிரங்குப் பெட்டி நிறையக் கனத்த தட்டுகள். இரண்டு புதுத் தட்டு கொடுத்தால் ஒரு கனத்த தட்டு தருவதாகச் சொல்லியிருந்தார். என்னிடம் லேசுத் தட்டு நாற்பது. வருகிற திங்கட்கிழமை வண்டியோடு வரச் சொல்லிவிட்டேன். இதைத்தான் என் மனைவி ஹபீபாவிடம் அறிவித்தேன்.

"நாப்பது குடுத்துட்டு இருபது வாங்குவீங்க. இதுக்குப் பேரு வியாபாரமா?"

"எண்ணிக்கையப் பாக்காத ஹபீபா. எடையப் பாரு."

"பாக்கறேன். நாப்பது தட்டு, அஞ்சஞ்சு பலம், எரநூறு பலம். இருபது தட்டு, ஏழேழு பலம், நூத்தி நாப்பது. எடையிலயும் அறுபது பலம் நஷ்டம் கீதுங்களே."

பதினைந்து வருஷம் தராசு பிடித்தவன் நான். இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

"மொத்த எடை இல்ல. ஒவ்வொரு தட்டோட எடை. அதுலதான் கொரலோட ஆழம் கீது."

"பாட்ட இன்னாத்துக்குங்க தூக்கிப் பாக்கணும்? கொழம்பு கொதிக்கசொல்ல நான் கேக்கறதெல்லாம் அந்த நாப்பதுலதான் கீது. அத்தையும் வண்டியில ஏத்தி வுட்டுட்டா, நான் இன்னா தராசு முள்ளயா கேக்கறது?"

"கனத்த தட்டு பாடட்டும். வித்தியாசம் ஒனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியறது இருக்கட்டும். ஒங்களுக்குத் தெரியுமா?"

அந்தக் கேள்வியில்தான் விழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டே சொல்வேன் என்றேன். எத்தனை தடவை என்றாள். ஐந்து என்றேன். சரியாகச் சொன்னால் நாற்பதும் அருணகிரி வண்டியில் ஏறும். தவறினால் ஒன்றும் ஏறாது. அதோடு நான் அவளைக் கோவளத்துக்கு மூன்று நாள் கூட்டிப் போக வேண்டும்.

கோவளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு விஷக்காய்ச்சல். டாக்டர் கையை விரித்துவிட்டார். என் உயிருக்காகக் கோவளம் தர்காவில் மூன்று நாள் தங்கி ஃபாத்திஹா ஓதுவதாக அவள் நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்துக்கொண்டேன். பிழைத்தவனுக்குக் கடையை விட்டுவர மூன்று நாள் கிடைக்கவில்லை.

பந்தயம் கட்டிய பிறகுதான் பயம் வந்தது. ஏழு பலம், ஐந்து பலம் இரண்டுமாக என்னிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டு. ஏசுபாதத்தை வரவழைத்து, அதையே மாற்றி மாற்றி வைக்கச் சொல்லிப் பயிற்சி எடுத்தேன். முதல் நாள் ஒரு எழவும் விளங்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரி பாடின. யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் அல்லாஹ் ஒரு வழி காட்டினான் என்றே நினைத்தேன். பாட்டில் இல்லை, பாட்டுக்கு முன்னால் இருந்தது விஷயம். கனத்த தட்டைக் கிராமபோன் பெட்டியில் வைக்கும்போது 'தொம்' என்றது. லேசுத் தட்டு 'தப்' என்றது. மூட்டை இறக்கும் சத்தத்தை வைத்தே உள்ளே அரிசியா தவிடா என்று சொல்லும் காது என்னுடையது. அதன் பிறகு பத்துக்குப் பத்து.

ஏசுபாதம் அசந்துபோனார். "பாய், அது காதா தராசா?"

நான் அடக்கமாக மூக்குப்பொடி எடுத்துக்கொண்டேன். ஹபீபா ஓரமாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததை நான் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் பரீட்சை. உள் அறையில் கிராமபோன், ஹபீபா. நிலைப்படியில் ஒரு ஜமக்காளத்தைத் தொங்கவிட்டோம். கூடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு. என் பக்கத்தில் ஏசுபாதம், நான் சொல்வதை ஒரு பார்சல் ரசீதின் பின்பக்கம் குறித்துக்கொள்ள. எந்த வரிசையில் வைக்கப் போகிறாள் என்பதை ஹபீபா முன்கூட்டியே ஒரு காகிதத்தில் எழுதி, மடித்து அவர் கையில் கொடுத்திருந்தாள்.

உள்ளே சாவி கொடுக்கும் சத்தம். பிறகு, தொம்.

மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். மரியாதைக்காகப் பாட்டை நாலு அடி ஓடவிட்டேன். தலையையும் ஆட்டினேன்.

"கனம். கேட்டீங்களா அண்ணாத்த, கெணத்து அடியிலேர்ந்து வராப்பல கீது கொரல்."

"ஆமா பாய், நல்ல ஆழம்."

அடுத்தது, தப்.

"லேசு. தகர டப்பாவுல தட்டறாப்பல கீது."

மூன்றாவது தொம். நாலாவதும் தொம். ஐந்தாவது தப். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் சொன்னேன். நாலாவதுக்கு, பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது என்றேன். ஏசுபாதம் அதையும் எழுதிக்கொண்டார்.

ஹபீபா ஜமக்காளத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஏசுபாதம் அவள் எழுதிய காகிதத்தைப் பிரித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"இது இன்னாம்மா எழுத்து?"

எங்கள் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் தமிழை அரபு எழுத்தில்தான் எழுதுவார்கள். ஓதப் படித்த எழுத்து அதுதான். அதிலேயே கடிதமும் எழுதுவார்கள், வண்ணான் கணக்கும் எழுதுவார்கள். அந்தக் கூடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"அவுரே படிக்கட்டும் அண்ணே," என்றாள் ஹபீபா.

நான் கம்பீரமாக வாங்கினேன். வலமிருந்து இடமாகப் படித்தேன்.

"ஒண்ணு, லேசு."

"நீங்க சொன்னது கனம்," என்றார் ஏசுபாதம்.

"ரெண்டு, கனம்."

"நீங்க சொன்னது லேசு. தகர டப்பா."

மூன்றாவதை மாற்றிப் படித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். மாற்றவில்லை. ஐந்தையும் என் வாயாலேயே படித்து முடித்தேன்.

ஏசுபாதம் பென்சிலைக் காதில் செருகினார். "அஞ்சுக்கு அஞ்சும் தப்பு. பாய், தப்பா நெனைக்காதீங்க. காதே கேக்காதவன் சொல்லியிருந்தாக்கூட ரெண்டு சரியா வந்துருக்குமே."

"அதான் அண்ணே நானும் கேக்கறேன்," என்றாள் ஹபீபா. "ஒண்ணு வுடாம அஞ்சும் தப்பாவணும்னா, அவுரு வேற எதையோ ரொம்ப சரியா கேட்டுகினு இருந்துருக்கணும்."

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். லேசுத் தட்டின் அடியில் இன்னொரு லேசுத் தட்டு. இரண்டையும் சேர்த்து வைத்தால் தொம். கனத்த தட்டையோ, தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுவதுபோல இறக்கியிருக்கிறாள். தப்.

"எப்படிம்மா கண்டுபுடிச்ச?" என்றார் ஏசுபாதம்.

"பயிற்சி நடக்கசொல்ல பாத்தேனே. தட்டு வெக்கிற வரைக்கும் காதத் தீட்டிகினு குந்திகினு இருந்தாரு. பாட்டு ஆரம்பிச்சதும் பொடி டப்பாவத் தேடறாரு."

ஏசுபாதம் என்னைப் பார்த்தார். நான் டப்பாவை மெதுவாக மடியில் செருகிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அருணகிரிக்கு டீ கொடுத்து வெறும் வண்டியோடு அனுப்பினேன். புதன்கிழமை கடையைப் பூட்டினேன். திருப்போரூர் வரை பஸ், அப்புறம் மாட்டு வண்டி, கால்வாயில் படகு. தர்காவில் ஃபாத்திஹா ஓதிச் சர்க்கரை வழங்கினோம். என் பெயரைச் சொல்லி அவள் துஆ கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். மூன்று வருஷமாக அவளுக்கு நான் உயிரையே கடன் வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். துப்பட்டியின் ஓரம் நனைய அலையில் நின்று, அந்த நாற்பதில் ஒரு பாட்டை மெல்லிய குரலில் பாடினாள். ஓர் அடியும் விடவில்லை. அந்தத் தட்டின் எடை எனக்குத் தெரியும். பாட்டை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. நாற்பது தட்டும் இருக்கின்றன. தினம் ஒன்றாவது வைக்கிறேன், முழுக்கக் கேட்கிறேன். அன்று நான் ஜெயித்திருந்தால் இப்போது கேட்க என்ன இருந்திருக்கும் என்று நினைப்பேன். தோற்கடித்தவளுக்கு நன்றி சொல்லிக்கொள்வேன்.

ஆனால் கோவளத்தில் அன்று எனக்கு அவ்வளவு பக்குவம் இல்லை. மணலில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"ஹபீபா, நெசத்தச் சொல்லு. ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லியா?"

"யாரு சொன்னா இல்லன்னு? கனத்த தட்டுதான் நல்லா கீது. கொரல் நெறைவா வருது. மொத அடியிலயே தெரிஞ்சுதே எனக்கு."

எழுந்தே நின்றுவிட்டேன். "அப்போ நான் சொன்னதுதானே சரி? ஒண்ணு ரெண்டாவது வாங்கியிருக்கலாமே."

அவள் துப்பட்டியின் ஈரத்தை நிதானமாகப் பிழிந்தாள்.

"வாங்கலாம், நல்ல பொருளுதான்," என்றாள். "ஒங்களுக்கு எதுக்குங்க அது?"