அரிசி டிரம்மில் நாற்பத்தெட்டு மணி நேரம்

“சார், காந்திமதிநாதன் பேசறேன். சென்னை ஹெட் ஆபீஸ், ஐ.டி. டிபார்ட்மென்ட். உங்க லேப்டாப்பை பேக்கப் எடுக்க வந்திருக்கேன். தென்காசி பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்.”

ஆவுடையப்பன் கையிலிருந்த காபி டம்ளர் தானாகச் சாய்ந்தது.

“இன்னைக்கா சார்? மெயில்ல திங்கக்கிழமைன்னுல்லா போட்டிருந்தது?”

“சீக்கிரமே முடிச்சிடலாம்னு பார்க்கறேன். நாகர்கோவில், தூத்துக்குடி, திருநெல்வேலி... பதினேழு பேர் முடிஞ்சாச்சு. நீங்கதான் கடைசி. பக்கத்துல ஒரு சின்ன வேலை இருக்கு. ஒரு மணி நேரத்துல உங்க வீட்டுல இருப்பேன்.”

போன் அணைந்தது.

ஆவுடையப்பன் மெல்லத் திரும்பி அடுப்படியைப் பார்த்தான். மூலையில் நீல நிற பிளாஸ்டிக் டிரம். அதற்குள் அறுபது கிலோ அம்பை பதினாறு அரிசி. அந்த அரிசிக்குள், முழங்கை ஆழத்தில், கம்பெனி லேப்டாப்.

அவன் செய்த குற்றம் ஒன்றல்ல, இரண்டு.

முதல் குற்றத்துக்குப் பதினோரு மாத வயது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அத்தனை பேருடைய லேப்டாப்பும் தினமும் காலை பதினொன்றுக்குத் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் தானாகவே சென்னைக்கு நகல் அனுப்பும். அனுப்பத் தொடங்கியதும் அவன் வீட்டு இன்டர்நெட் மூச்சு வாங்கும். வீடியோ மீட்டிங்கில் மேனேஜர் வாயைத் திறந்தபடியே உறைந்து நிற்பார். திரையின் ஓரத்தில் ‘பிறகு நினைவூட்டு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. ஆவுடையப்பன் பல் துலக்குகிற ஒழுங்கோடு அதைத் தினமும் அழுத்திவந்தான். மஸ்கட்டில் எழும்பப்போகிற ஓர் ஆஸ்பத்திரிக்கு அவன் வரைந்த இருநூற்றுப் பன்னிரண்டு வரைபடங்கள் அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. இப்படி நகல் போகாத பதினெட்டு பேர் வீட்டுக்கும் ஆள் அனுப்பி நகல் எடுக்கப்போவதாக மெயில் வந்திருந்தது.

இரண்டாவது குற்றம் நேற்று மத்தியானம் நடந்தது. வேலை நேரத்தில் குற்றாலம்.

மனைவி காளீஸ்வரி போலீஸ். ஐந்தருவியில் சீசன் பந்தோபஸ்து. அவள் கண்ணில் பட்டால் தொலைந்தோம் என்று பழைய குற்றாலத்துக்குப் போனான். ஆன்லைனில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும் என்று லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டான். அதே பையில் நேந்திரங்காய் சிப்ஸையும் போட்டதுதான் அவன் அறிவின் எல்லை. எண்ணெய் தேய்த்து, அருவிக்குத் தலையைக் கொடுத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பினால், பாறைமேல் ஒரு குரங்கு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தது. லேப்டாப் அதற்குப் பிடிக்கவில்லை. ஓடையில் வீசிவிட்டது.

“கரண்ட் மட்டும் குடுத்திராதிய அண்ணாச்சி,” என்றான் பெரிய கோயில் பக்கம் லேப்டாப் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் மசூது. “அரிசிக்குள்ள பொதச்சு வைங்க. நாப்பத்தெட்டு மணி நேரம். நடுவுல தோண்டி எடுத்தா என்கிட்ட வராதிய.”

இதுவரை ஆகியிருப்பது இருபது மணி நேரம்.

போன மாதம் கோயம்புத்தூர் கிறிஸ்டியின் லேப்டாப் கெட்டுப்போனது. பேக்கப் இல்லை. நாலு வரியில் ஒரு மெயில் வந்தது. மறுநாள் குரூப்பில் அவள் பெயரே இல்லை. ஆவுடையப்பனுக்கும் அந்த நாலு வரி வந்தால்? கல்யாணமாகி நாலு வருஷம் அவன் சென்னையில், காளீஸ்வரி தென்காசியில் என்று காலம் தள்ளி, இந்த வேலையால்தான் இருவரும் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். வேலை போனால் மறுபடி சென்னை மேன்ஷன், மறுபடி பொதிகை எக்ஸ்பிரஸ்.

“மாப்ளே!” அடுப்படியிலிருந்து மாமியார் வள்ளித்தாயின் குரல். அச்சன்புதூரிலிருந்து வந்து நாலு நாள் ஆகிறது. டிரம்மில் இருப்பது அவள் வயல் அரிசி. “மத்தியானத்துக்கு ஒலை வைக்கணும். அரிசி அளக்கட்டா?”

“தொடாதிய அத்தே!” பாய்ந்து போய் டிரம்மைக் கட்டிப் பிடித்தான்.

“நேத்து ராத்திரி தோசை. காலையில தோசை. அறுபது கிலோ அரிசிய வீட்டுல வச்சுக்கிட்டு எத்தனை நேரம் தோசையத் திங்க? அச்சன்புதூர்ல கேட்டா சிரிப்பாவ. என்னத்தத்தான் அதுக்குள்ள பொதச்சிருக்கிய?”

“ஒரு பொட்டி அத்தே. கம்பெனிப் பொட்டி. காளீட்ட மட்டும் சொல்லிராதிய.”

வள்ளித்தாய் கொடியில் கிடந்த அவன் எண்ணெய்த் துண்டை ஒரு பார்வை பார்த்தாள். “சொல்லல. ஆனா ஞாயித்துக்கிழமை என்னையும் அருவிக்குக் கூட்டிட்டுப் போவணும்.”

அடுத்த பத்தாவது நிமிடம் ஆவுடையப்பன் மசூது கடையில் மூச்சிரைக்க நின்றான்.

“லே மசூது, இதே மாடல் லேப்டாப் ஒண்ணு குடு. ஓடாட்டாலும் பரவால்ல. ரிப்பேர்ன்னு சொல்லிச் சமாளிச்சுக்கிடுதேன்.”

மசூது பரணிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டினான். “மேல் ஓடு மட்டுந்தான் அண்ணாச்சி. உள்ள ஒரு மண்ணும் கெடையாது. தூக்குனா அப்பளம் மாரி இருக்கும்.”

அதுதான் ஆபத்து. கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து, மேல் ஓட்டைத் திறந்து, எடைக்கு என்ன வைப்பது என்று தேடினான். நேரமில்லை. டிரம்மின் மேலாக ஒன்றரைக் கிலோ அரிசியை அள்ளி ஓட்டுக்குள் கொட்டி, டேப் ஒட்டினான். கம்பெனி ஸ்டிக்கருக்குப் பதிலாக ஒரு காகிதத்தில் நம்பரை எழுதி ஒட்டினான். ‘7’ தலைகீழாக விழுந்த ‘L’ போல வந்திருந்தது. திருத்துவதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது.

காந்திமதிநாதனுக்கு நாற்பது வயதிருக்கும். கண்கள் ரத்தச் சிவப்பு. தலைமுடி ஈரம். கறுப்புப் பையொன்றைப் பச்சைப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தார். பையின் வாய் இரண்டு ஊக்குகளால் மூடப்பட்டிருந்தது.

“உக்காருங்க சார். நனைஞ்சிருக்கியளே?”

“சாரல்.”

அவர் உட்காரவில்லை. பையைத் தட்டிக்காட்டினார். “பெரிய ஹார்ட் டிஸ்க் சார். கறுப்புப் பெட்டி. பதினேழு பேரோட உழைப்பு இதுக்குள்ள இருக்கு. பதினேழு குடும்பம்.” அவர் உதடு துடித்தது. “லேப்டாப்பைக் குடுங்க.”

கோபக்காரர் போலிருக்கிறதே என்று நினைத்தபடி ஆவுடையப்பன் போலி லேப்டாப்பை நீட்டினான். அவர் வாங்கினார். சாய்த்தார்.

கலகலவென்று சத்தம். டேப் விட்டுப்போன இடுக்கிலிருந்து நாலு அரிசி தரையில் விழுந்தது.

ஆவுடையப்பன் குனிந்து அவற்றைப் பொறுக்கினான்.

“இது என்ன சார்?”

“அரிசி சார்.”

“லேப்டாப்புக்குள்ளயா?”

வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டான். “சீசன் நேரம் பாத்தியளா... சாரக்காத்துல மெஷினுக்குள்ள ஈரம் ஏறிரும். இங்கன எல்லாரும் இப்பிடித்தான். அரிசி ஈரத்த இழுத்துக்கிடும்லா?”

காந்திமதிநாதனின் முகத்தில் ரத்தமே இல்லை. ஓரடி முன்னால் வந்தார்.

“இழுத்துக்குமா?”

“இ... இழுக்கும் சார்.”

“எவ்வளவு ஈரம்னாலும்?”

“ஓரளவுக்கு...”

“தண்ணியிலயே விழுந்திருந்தா?”

ஆவுடையப்பன் ஓரடி பின்னால் போனான். தெரிந்துவிட்டது. எல்லாமே தெரிந்துவிட்டது. பழைய குற்றாலத்தில் எவனோ பார்த்து மெயில் போட்டிருக்கிறான்.

“எத்தனை மணி நேரம் அரிசியில வைக்கணும்?”

“நா... நாப்பத்தெட்டு.”

“உங்க வீட்டுல அரிசி எங்க இருக்கு?”

காளீஸ்வரி திருடர்களை விசாரிப்பது இப்படித்தான். ஒவ்வொரு கேள்வியாகக் கயிற்றை இறுக்குவாள்.  ஆவுடையப்பனின் விரல், அவன் அனுமதியில்லாமலே, அடுப்படிப் பக்கம் நீண்டது.

“எனக்குக் கொஞ்சம் தண்ணி குடிக்கணும்,” என்றார் காந்திமதிநாதன். “நீங்க இருங்க. நானே எடுத்துக்கறேன்.”

பையோடு உள்ளே போனார். வள்ளித்தாய் பின்வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், தடுக்க ஆளில்லை. டப்பென்று டிரம்மின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அரிசி சரியும் ஓசை.

ஆவுடையப்பன் சுவரோடு சாய்ந்தான். சென்னை மேன்ஷனின் மூட்டைப்பூச்சிகள் வரிசையாக வந்து வணக்கம் சொல்லின.

ஐந்து நிமிடம். திரும்பி வந்தவரின் கையில் மணிக்கட்டு வரை வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. பையில் மறுபடி அதே இரண்டு ஊக்கு. லேப்டாப்பை வெளியே எடுத்து முகத்தில் எறிவார் என்று காத்திருந்தான். எறியவில்லை.

“நல்ல அரிசி சார்,” என்றார்.

அந்த அமைதிதான் அவனைக் கொன்றது.

காந்திமதிநாதன் சட்டைப் பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்தார். ஒரு முனையை லேப்டாப் ஓட்டின் துளையில் செருகினார். தாங்க எதுவும் இல்லாததால் முனை உள்ளே போய் அரிசியில் புதைந்தது. மறுமுனையை ஊக்குகளின் நடுவே பைக்குள் நுழைத்தார். எங்கும் ஒரு விளக்கும் எரியவில்லை. இருவரும் இரண்டு நிமிடம் அந்தக் கேபிளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“முடிஞ்சது,” என்றார்.

“எது சார்?”

“பேக்கப். நூறு சதவீதம்.” ஒரு படிவத்தை நீட்டினார். “முழுமையாகவும் திருப்திகரமாகவும் எடுக்கப்பட்டதுன்னு இருக்கு பாருங்க. அதுக்குக் கீழ ஒரு கையெழுத்து.”

ஆவுடையப்பன் படிவத்தைப் படித்தான். பொறி! பொய்க்குக் கையெழுத்து வாங்கி, அதையே ஆதாரமாக வைத்து, நாலு வரி மெயிலைப் பத்து வரியாக ஆக்கப்போகிறார்கள். இதற்குமேல் தாங்காது.

“சார், ஒரு உண்மையச் சொல்லிருதேன். அந்த லேப்டாப்...”

“வேண்டாம்!” காந்திமதிநாதன் அலறினார். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. “யாரும் யாருக்கும் எந்த உண்மையும் சொல்ல வேண்டாம் சார். கையெழுத்து மட்டும் போடுங்க.”

போட்டான். பயத்தில் தன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டான். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

வாசல்படி இறங்கியவர் சட்டென்று திரும்பினார். சிவந்த கண்கள் அவன்மேல் நிலைத்தன.

“எனக்கு ரூம் குற்றாலத்துலதான். சனிக்கிழமை காலையில சரியா பதினொண்ணுக்கு மறுபடியும் வருவேன்.”

“எதுக்கு சார்?”

“வருவேன். அதுவரைக்கும் உங்க வீட்டுல யாரும் சோறு பொங்கக் கூடாது.”

 இது என்ன தண்டனை? எந்தக் கம்பெனி விதியில் இருக்கிறது?

பின்வாசலில் நின்ற வள்ளித்தாயின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் முழுசாக விழுந்தது. வாளி நங்கென்று தரையில் உட்கார்ந்தது.

“சோறு பொங்கக் கூடாதா? யாரு சொல்லுதா? என் வயலு அரிசி, என் மவ வீட்டு அடுப்பு! சென்னையில இருந்து வந்து ஒரு ஆளு சட்டம் போடுதானா?”

“அத்தே! வேண்டாம் அத்தே!”

அவள் அடுப்படிக்குள் புயலாகப் போனாள். டிரம்மின் மூடி பறந்து விழுந்து உருண்டது. ஆட்டோவுக்குள் ஒரு காலை வைத்திருந்த காந்திமதிநாதன் அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றார். அவர் கையிலிருந்த பை காற்றில் லேசாக ஆடியது. வெறும் பை ஆடுவதைப்போல.

கையில் எதையோ தூக்கிப் பிடித்தபடி வள்ளித்தாய் வாசலுக்கு வந்தாள்.

“ஏ மாப்ளே, நேத்து நீங்க ஒரு பொட்டியத்தான பொதச்சிய? இப்பம் காந்திமதிநாதன்னு பேரு ஒட்டி, தண்ணி சொட்டச் சொட்ட, ரெண்டாவதா ஒரு கறுப்புப் பொட்டில்லா மொளச்சிருக்கு!”