மவுஸை வைத்தால் கலர் வரும்

இருபத்தேழாவது தீமைத் திறந்தபோது தசரதனுக்குக் கண் பூத்துவிட்டது.

"இது எப்படிக் கீது?" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான்.

"எழவு வூட்டு பேனர் மாதிரி கீது" என்றாள் அவன் மனைவி செல்லியம்மாள். இருபத்தாறுக்கும் அவள் இதையேதான் சொல்லியிருந்தாள்.

தீம் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை, வெப்சைட்டுக்குத் தைத்து வைத்த ரெடிமேட் சட்டை. நிறம், எழுத்து, அலங்காரம் எல்லாம் அதிலேயே இருக்கும். நம்முடைய படங்களை மாட்டினால் போதும். மாட்டுவதற்குத் தசரதனிடம் படம் இல்லை என்பதுதான் கஷ்டம்.

ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பதினாறு வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறான். மலையில் கல்யாணம் என்றால் மாமன் மகன் கையிலிருக்கும் செல்போன் போதும். காதுகுத்துக்கும் அதுவே. சாவு விழுந்தால் மட்டும் தசரதன் வேண்டும். பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பமே சுற்றி நின்று எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு படத்தைச் செல்போனை நம்பி விட யாருக்கும் மனம் வராது. படத்தை எடுத்துவிட்டு வீடு திரும்பினால் வாசலில் செல்லியம்மாள் தண்ணீர் வைத்திருப்பாள். தலையில் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம். சில வாரங்களில் அவனுக்குத் தலை காய்வதே இல்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் இவன் பைக் சத்தம் கேட்டால் திரும்பிப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள்.

அப்படிப்பட்டவனைப் படவேட்டு ரைஸ் மில் சக்கரவர்த்தி கூப்பிட்டிருந்தார். மகள் கோகிலவாணிக்குக் கல்யாணம். இவன் தொழில் தெரியாத யாரோ நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.

"வெப்சைட் கீதாப்பா? லிங்க் அனுப்பு. பொண்ணு பாத்து புடிச்சிதுன்னா வெள்ளிக்கெழம நேர்ல வந்து வெத்தல பாக்கு குடுத்துடறோம்."

"பிரமாதமா கீதுங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டான். இல்லாத வெப்சைட். அன்று செவ்வாய்க்கிழமை.

செல்லியம்மாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "இதுவும் கைவுட்டுப் போச்சின்னா கேமராவ மூட்ட கட்டி பரண்மேல போடுங்க. எங்கண்ணங்கூட கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போய்டலாம். தெனம் வாசல்ல தண்ணி வெச்சி என் கை மரத்துப் போச்சி."

தசரதனுக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. ஒரே ஒரு முறை, மாலை போட்டுக்கொண்டு தானாக நிற்கிற ஓர் ஆளைப் படமெடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

முதலில் பழைய சாவுப் படங்களிலிருந்து பிணத்தை மட்டும் வெட்டி எடுத்தான். மிச்சமிருந்த குடும்பம் பார்க்க லட்சணமாகவே இருந்தது.

"எல்லாரும் கீழ இன்னாத்த பாக்கறாங்க?" என்றாள் செல்லியம்மாள்.

"அது ஆர்ட்டு."

"கண்ணு ஏன் வீங்கிக் கீது?"

தசரதன் அந்தப் படங்களைத் தூக்கிவிட்டுப் பாஸ்போர்ட் படங்களைப் போட்டான். ஆனால் பிணத்தோடே பழகிய கை. உயிரோடு வருகிறவர்களையும் "ஆடாதீங்க, மூச்சப் புடிங்க" என்று அதட்டித்தான் எடுத்திருந்தான். அவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விழி பிதுங்க உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் கறுப்புத் தீம் ஒன்றைப் பிடித்தான். பணக்காரக் களை. எல்லாப் படமும் கறுப்பு வெள்ளையில் இருக்கும், மவுஸை மேலே வைத்தால் கலர் வரும். ஆனால் உச்சியில் உரிமையாளர் படம் ஒன்று போட்டே ஆக வேண்டும் என்று அது அடம் பிடித்தது. ஊரையே எடுத்தவனிடம் தன் படம் ஒன்றுகூட இல்லை.

"உன் செல்லுல ஒண்ணு எடு" என்று வாசலில் நின்றான். "லைட்டப் பாரு. தலைக்கு மேல எடம் வுடு. கைய ஆட்டாத. இன்னா புள்ள, செல்ல எப்படிப் புடிச்சினு நிக்கிற!"

"பல்லுல கீர ஒட்டினு கீது" என்றாள் அவள்.

தசரதன் நாக்கால் துழாவினான், கிடைக்கவில்லை, சிரித்துவிட்டான். அவள் அமுக்கிவிட்டாள்.

"பாதி வாசக்காலும் படத்துல வந்துட்டுது, தல சாஞ்சிட்டுது, இதெல்லாம் ஒரு போட்டோவா?" என்றான். நேரமில்லாததால் அதையே போட்டான். படத்துக்குக் கீழே ஸ்டூடியோ ஆரம்பித்த வருடமும் நடக்கிற வருடமும் தீம் கேட்டது. 2009 – 2025 என்று அடித்தான். அதற்கும் கீழே 'நினைவுகள் என்றும் அழிவதில்லை' என்று எழுதித் தானே ரசித்துக்கொண்டான்.

வியாழன் காலை லிங்கைச் சக்கரவர்த்திக்கும் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்புக்கும் அனுப்பிவிட்டு, டவர் கிடைக்காத ஊரில் ஒரு சாவுக்குப் போனான். மதியம் திரும்பித் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போதே போன் அடித்தது. செங்கத்திலிருந்து தங்கை புருஷன் சின்னராசு.

"தசரதன் மச்சான் செல்லுல யாருங்க பேசறது?"

"நான்தான் மச்சான் பேசறேன்."

சட்டென்று போன் கட்டாகிவிட்டது. அடுத்த நிமிடம் செல்லியம்மாளின் போன் அடித்தது.

"தங்கச்சி, மனச தைரியமா வெச்சிக்க. மச்சான் செல்லுல எவனோ கொரல மாத்தி வெளாடறான், மொதல்ல அத புடுங்கி வையி. காலைல மொத பஸ்ஸுக்கு வர்றோம்." அவள் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டான்.

தசரதன் அப்போதுதான் தன் வெப்சைட்டைச் செல்போனில் பார்த்தான். மலையில் யாரிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது? எல்லாரும் செல்போனில்தான் பார்த்திருக்கிறார்கள். செல்போனுக்கு ஏது மவுஸ்? கறுப்புப் பின்னணியில், கறுப்பு வெள்ளையில், கீழே இரண்டு வருடங்களோடு அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஓடிப்போய்க் கல்யாணத் தீம் ஒன்றை மாட்டினான். படத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது. மேலிருந்து ரோஜா இதழ் விடாமல் அவன் தலையில் கொட்டியது.

குரூப்பில் அழுகை இரண்டு மடங்கானது. 'பூப்போட்டு விளக்கேத்திட்டாங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

பூவை நிறுத்தத் தெரியவில்லை. குரூப்பில் 'நான்தான்' என்று எழுதினால், செல்லை எவனோ வைத்து விளையாடுகிறான் என்று திட்டினார்கள். வெப்சைட்டிலாவது சொல்லிவிடலாம் என்று பெரிய எழுத்தில் போட்டான்: 'தசரதன் எங்கும் போகவில்லை. என்றும் உங்களோடுதான் இருப்பார்.'

அதற்கு முந்நூறு பேர் கைகூப்பினார்கள்.

அதையும் அழிக்கப்போன நேரத்தில் கரண்ட் போயிற்று. பேனர் அடிக்கும் தமிழ்மணி செல்லியம்மாளைக் கூப்பிட்டான். "அண்ணி, அண்ணன் போட்டோ பெரிய ஃபைலா இருந்தா அனுப்புங்க. வெப்சைட்லேர்ந்து எடுத்தா புள்ளி புள்ளியா வருது. பாக்கப் பாக்க அழுவ வருது அண்ணி, இப்பதான் பேசிட்டு எழுந்து போன மாதிரியே கீறாரு."

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் சின்னராசு பதினெட்டுப் பேரோடு வந்து இறங்கினான். உயிரோடு நின்றவனைப் பார்த்து அவர்கள் ஆனந்தப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். "அப்போ சாவு இல்லியா?" என்று ஒருவர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் சக்கரவர்த்தியின் கார் வந்து நின்றது. அவர் கையில் ரோஜா மாலையோடு இறங்கினார். பின்னால் கோகிலவாணி, செல்போனைப் பார்த்தபடியே. கண் சிவந்திருந்தது.

தசரதன் கைகூப்பிக்கொண்டு முன்னால் போனான். "மொதலாளி, நான் உசுரோடதான் கீறேங்க."

சக்கரவர்த்தி மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். முடியவில்லை, பெரிய மாலை.

"வெத்தல பாக்கு வாங்கவேண்டிய நாள்ல மால வாங்க வெச்சிட்டியேப்பா. வாசல்ல அண்டாவுல தண்ணி, வூட்டு நெறைய எழவு சனம். உன் தொழில் இன்னான்னு வழியெல்லாம் வெசாரிச்சினுதான் வர்றேன். என் பொண்ணு தாலி கட்டிக்கறத நீ எடுக்கப் போறியா?"

"தீம்தாங்க மாறிப்போச்சு… ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க…"

பதினாறு வருடம் எத்தனையோ வீட்டில் எல்லாரும் அழப் பார்த்த தசரதன், இப்போது தன் வீட்டு வாசலில் அழுதுவிடுவோமோ என்று பயந்தான். செல்லியம்மாள் உள்ளே போனாள். பரண் மேலிருந்து சாக்கு இழுபடும் சத்தம் கேட்டது.

சக்கரவர்த்தி மாலையைக் காரின் மேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். "ஏறும்மா, போலாம்."

கோகிலவாணி நகரவில்லை. செல்போனில் ரோஜா இதழ்களுக்கு நடுவே சிரிக்கும் தசரதனையும் எதிரே நிற்கும் தசரதனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இருப்பா. இவரு எடுத்ததுல எல்லாருமே செத்தவங்க மாதிரி கீறாங்க, உசுரோட கீறது இவரு ஒருத்தருதான். எனக்கு இவரு வேணாம், இவர இந்தப் போட்டோ எடுத்தவங்க யாருன்னு கேளு."