ஆயில் கூலரில் வந்த மஞ்சள் மினுக்கு

1946-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் பதினெட்டாம் நாள், வியாழக்கிழமை. ஆடி பிறந்து இரண்டாம் நாளாதலின், விழுப்புரத்தில் காலை முதற்கொண்டே மேல்காற்று புழுதியை வாரி இறைத்தது. வானில் மேகம் இருந்தது, மழை இல்லை.

அக்காற்றின் நடுவே, பஸ் முதலாளி சக்கரபாணியின் வீட்டுக் கொல்லையில், மெக்கானிக் மாசிலாமணி பழைய ஆயில் கூலர் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

ஆயில் கூலர் என்பது யாதெனின், என்ஜினுள் ஓடிச் சூடேறிய எண்ணெயை மெல்லிய குழாய்களில் செலுத்தி, ஆற்றித் திருப்பி அனுப்பும் பெட்டியாகும். முதலாளியின் பஸ்ஸில் இருந்ததோ, பட்டாளத்தார் விற்ற லாரி என்ஜின். சென்ற மாதம் அதன் பேரிங் பொடிந்துபோக, அப்பொடி கூலருள் குடியேறிவிட்டது. புதிய பேரிங் பொருத்தியாயிற்று. கூலருள் துகள் ஒன்று மிஞ்சினும் புதியதும் பொடிந்துபோகும்.

"மூணு மணிக்கு பஸ்ஸு திண்டிவனம் போயாவணும். கூலர்ல ஒரு பொட்டு மினுக்கு இருக்கக்கூடாது. இல்லன்னா உனக்கு நிரந்தர வேலை. இருந்துச்சுன்னா, நீ உன் வழியப் பாத்துக்கினு போவலாம்" என்றார் சக்கரபாணி.

மாசிலாமணி மண்ணெண்ணெய் டின்னைத் திறந்தார். யுத்தம் முடிந்து பட்டாளத்துப் பட்டறை அவரை வீட்டுக்கு அனுப்பி ஆறு மாதமாயிற்று. மனைவி இருதயமேரி திண்டிவனத்தில் தாய்வீட்டில் இருந்தாள். வேலை கிடைத்த அன்றே வந்து அழைத்துப்போவதாக அவர் வாக்களித்திருந்தார்.

மண்ணெண்ணெயை ஊற்றிக் குலுக்கித் தம் துண்டில் வடிகட்டினார். முதலில் பேரிங்கின் வெள்ளைப் பொடி வந்தது. மூன்றாம் முறை ஒன்றும் வரவில்லை.

"சுத்தமாயிடுச்சு முதலாளி!"

"உன் துண்டு ஓட்டைல யானையே பூந்து போவுமே! இரு, வர்றேன்."

ரேஷன் காலமாதலின் கடையில் நல்ல துணி கிடையாது. ஆகவே சக்கரபாணி பெட்டியைத் திறந்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் தம் திருமணத்தில் போர்த்திய அங்கவஸ்திரத்தையே கொண்டுவந்தார்.

"ஊட்டுக்காரி திண்டிவனத்துல தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள தோச்சுப் பொட்டில வெச்சுரணும்" என்றார், தாழ்ந்த குரலில்.

மாசிலாமணி அதனை நான்காக மடித்து வடிகட்டி, ஓரங்களைச் சேர்த்து முறுக்கிப் பிழிந்து விரித்தார். கறுத்த துணியின் நடுவே மஞ்சள் மினுக்குகள் நான்கைந்து ஒளிர்ந்தன.

காந்தத்தைக் காட்டினார். ஒட்டவில்லை.

"இரும்பு இல்லீங்க. பித்தளை. உள்ள ஏதோ புஷ்ஷு வளையம் தேஞ்சிருக்கு."

துணியைக் கல்லில் அடித்து அலசி, மீண்டும் வடிகட்டினார். மினுக்குகள் இருபதாயின.

"காத்துல பறந்து வருதோ என்னமோ" என்று கூலரைக் கொட்டகைக்குள் தூக்கிச் சென்றார். அங்கே இன்னும் பலமாகப் பிழிந்தார். நாற்பது!

டிரைவர் தாண்டவராயன் எட்டிப் பார்த்தான். "இன்னாண்ணே, பட்டாளத்து லாரி மூக்குத்தி போட்டுக்கினு இருந்துச்சா?"

"நீ வேற! பேஜாரு பண்ணாத, ஜல்தியா சுடுதண்ணி கொண்டா!"

சக்கரபாணி கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. "போதும்பா. இது ஆவாத கேஸு. கருவிப் பையை எடுத்துக்கினு கிளம்பு."

"முதலாளி, ஒரே ஒரு தடவ. வந்த வழியாவே திருப்பி அடிக்கிறேன். அப்பவும் மினுக்குச்சுன்னா நானே போயிடறேங்க."

சலவைச் சோடா கரைத்த வெந்நீரை, எண்ணெய் வெளியேறும் வாயின் வழியே எதிர்த்திசையில் பீய்ச்சி, மரச் சுத்தியால் பக்கமெங்கும் தட்டினார். திடீரென்று 'டிங்' என்னும் ஓசை எழுந்தது. சுண்டுவிரல் நகமளவு உலோகத் துண்டொன்று தகரத்தில் விழுந்தது.

தாண்டவராயன் வாயைப் பிளந்தான். "அடேயப்பா! இது உள்ள போயிருந்தா புது பேரிங்கு காலி. பாலத்து மேல வண்டி நின்னிருக்கும், முதலாளி!"

இறுதியாக மண்ணெண்ணெய் ஊற்றி, அதே சோடா வெந்நீரில் கசக்கி அலசிய அங்கவஸ்திரத்தில் வடிகட்டினர். ஒரு மினுக்குமில்லை.

சக்கரபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. "மாசிலாமணி, மொத மினுக்க நான் சரின்னு உட்டிருந்தா, நீயும் மூடியிருப்ப; அந்தத் துண்டும் உள்ளயே இருந்திருக்கும். உன்ன மாதிரி ஆளு கெடைக்கமாட்டான். நீ தான்யா இனிமே நம்ம மெக்கானிக்!"

"அந்தப் பித்தளைப் பொடிக்குத்தாங்க நான் நன்றி சொல்லணும்" என்றார் மாசிலாமணி, கைகூப்பி.

சரியாக மூன்று மணிக்கு பஸ் புறப்பட்டது. மாசிலாமணியும் அதிலேயே சென்றார். திரும்பும்போது முன்னிருக்கையில் இருதயமேரி தகரப் பெட்டியுடன் அமர்ந்திருந்தாள். அருகில் முதலாளியின் மனைவி கெங்கம்மாள்.

"வண்டி இன்னா நைசா ஓடுது! அந்த மெக்கானிக் நல்லா இருக்கணும்" என்று வழியெல்லாம் வாழ்த்திய கெங்கம்மாள், வீடு வந்ததும் கொல்லைப்புறம் சென்றார். சோடாவில் வெளுத்துக் கொடியில் உலர்ந்த அங்கவஸ்திரத்தை இரு முனையும் பிடித்து விரித்தார். மறுபடி புரட்டிப் பார்த்தார். பின்னர் உரக்கக் கேட்டார்:

"ஏங்க, எங்கப்பா கல்யாணத்துக்கு எடுத்துத் தந்ததாச்சே, இதுல நாலு விரல் அகலத்துக்குத் தங்க ஜரிகை இருந்துச்சே, எங்கங்க போச்சு?"

அப்பொழுது மாலை மணி ஆறு இருபத்திரண்டு.