கம்பளத்துக்கு அடியில் பிகாஸ்

இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று தெரிந்தால் எந்த வாத்தியாருக்கும் சோறு இறங்காது. இது பொது விதி. எனக்கோ எச்சில்கூட இறங்கவில்லை.

அறுபதுகளின் கடைசி. கோட்டையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதிகாரி வந்து, நான் பாடம் நடத்துவதைப் பார்த்து, 'சரி' என்று எழுதினால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போக வேண்டியதுதான். அங்கே என் அத்தை மகன் தயாராக இருந்தார். ரைஸ்மில் வைத்திருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால், "இங்கிலீஷ் படிச்ச பொம்பள வச்ச கொழம்பு உப்புக் கரிக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். (அது தெரிந்தும் என்னைக் கட்டிக்கொள்ள ஏன் காத்திருந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) "வேல நெலச்சா இரு ஆத்தா, இல்லைன்னா பேசாம வந்துரு" என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் வகுப்புக் கூரை விழுந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெரிய வீட்டு மீனாட்சி ஆச்சி, "புள்ளைக நனையுதுகளேத்தா, எங்க வீட்டுல வந்து உக்காரச் சொல்லுங்க" என்று தன் வீட்டின் உள்கூடத்தையே விட்டுக் கொடுத்தார். கூடமா அது! எங்கள் பள்ளிக்கூடத்தையே தூக்கி உள்ளே வைத்துவிட்டு, சுற்றி நடந்து வரலாம். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். பழைய கல் பெயர்ந்த இடத்திலெல்லாம் கைக்குக் கிடைத்ததைப் பதித்திருந்ததால் ஒரு இடத்தில் சிவப்புப் பூ, ஒரு இடத்தில் பச்சைப் பூ, அப்புறம் மஞ்சள், அப்புறம் கறுப்பு வெள்ளைக் கட்டம் என்று கலந்து கிடந்தது.

அந்தத் தரையைப் பார்த்ததும் என் மூளை வேலை செய்துவிட்டது. (அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

அப்போது இரண்டு வாக்கியங்களை இணைப்புச் சொல் போட்டு ஒன்றாக்கும் பாடம் நடந்துகொண்டிருந்தது. 'ஹீ இஸ் புவர். ஹீ இஸ் ஹானஸ்ட்.' இந்த ஏழை நேர்மையாளனை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மாரடித்தும் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. ஆகவே ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். சிவப்புப் பூவில் உட்கார்ந்த பிள்ளை 'பிகாஸ்'. பச்சைப் பூ 'பட்'. மஞ்சள் 'அண்ட்'. கறுப்பு வெள்ளைக் கட்டம் 'ஸோ'. நான் இரண்டு வாக்கியத்தைச் சொல்லி ஒரு பிள்ளையைக் காட்டுவேன். அது எழுந்து, குனிந்து தன் கல்லைப் பார்த்து, நடுவில் அந்தச் சொல்லைப் போட்டு, இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்காரும். எல்லாருக்கும் எல்லாச் சொல்லும் வரட்டும் என்று தினமும் இடம் மாற்றி உட்கார வைத்தேன்.

பிள்ளைகள் பிய்த்து உதறின. எந்தக் கல்லுக்கு எந்தச் சொல் என்பது தலைகீழ்ப் பாடம். அந்தச் சொல் ஏன் அங்கே வந்தது என்பது மட்டும் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. அது எனக்கும் உறைத்தது. ஆனால் அதிகாரி வரும் நாள் நெருங்கிவிட்டதே! சரியான நிறத்துப் பிள்ளையை நான் காட்டினால் போதும், சரியான பதில் வரும், வேலை நிலைக்கும், பிறகு நிதானமாகச் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அன்று காலை அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு வந்தேன். முன்வரிசையில் உட்காரும் வள்ளியம்மை தன் பங்குக்குக் குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். இரண்டு பக்கமும் சொல்லி வைத்தாயிற்று, இனி என்ன என்று தைரியமாக உள்கூடத்துக்குள் காலை வைத்தேன்.

தரையைக் காணோம்.

சுவருக்குச் சுவர் சிவப்புக் கம்பளம். கல்யாணத்துக்கு விரிக்கிற கம்பளம். அதன் மேல் பிள்ளைகள் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"ஆச்சி! இது எதுக்கு ஆச்சி?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்குறீக? பெரிய ஆபீசரு வாராக. வெறுந்தரையைக் காட்டி உக்காரச் சொன்னா எங்க வீட்டு மானம் என்னத்துக்காகும்?"

"புள்ளைக அழுக்காக்கிப்புடும் ஆச்சி. சுருட்டிருவோமே."

"ஆக்கட்டும்! தொவைச்சுக்கிறலாம். கலெக்டரு வந்தப்ப விரிச்சது. அவுகளுக்கு ஒண்ணு, இவுகளுக்கு ஒண்ணா?"

நான் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டப் போனேன். ஆச்சி மறுமுனையில் ஏறி நின்றுகொண்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் வேர்க்க விறுவிறுக்க அதிகாரியை உள்ளே அழைத்து வந்துவிட்டார்.

அதிகாரி மெலிந்த மனிதர். சிரிப்பே தெரியாத முகம். நாற்காலியில் உட்கார்ந்து, "ம், நடத்துங்க" என்றார்.

எந்தப் பிள்ளை எந்தக் கல்லின் மேல் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. வேறு வழியில்லாமல் ஆரம்பித்தேன். 'இட் வாஸ் ரெய்னிங். வீ ஸ்டேய்ட் அட் ஹோம்.' மழை பெய்தது, ஆகவே வீட்டில் இருந்தோம். 'ஸோ' வர வேண்டும். ஓரத்தில் இருந்த பாண்டியைக் காட்டினேன்.

பாண்டி எழுந்தான். வழக்கப்படி குனிந்தான். கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தான். நிமிர்ந்து, "இட் வாஸ் ரெய்னிங் பிகாஸ் வீ ஸ்டேய்ட் அட் ஹோம்" என்று கணீரென்று சொன்னான். நாங்கள் வீட்டில் இருந்ததால்தான் மழையே பெய்ததாம்!

அதிகாரியின் புருவம் உயர்ந்தது. அவசரமாக நடுவில் இருந்த சேகரைக் காட்டினேன். அவன் எதைத் தூக்குவான் பாவம்? சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏ பாண்டி, அங்குட்டுத் தூக்கிப் பாருடா, எனக்கு என்ன கல்லு வருது?" என்று கத்தினான். உடனே ஓரத்துப் பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே தலையை விட்டன. "பச்சைடா!" "இல்லடா, மஞ்ச!" நடுவில் இருந்தவர்கள் சரிந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

அதிகாரி இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். "என்னம்மா அது? அடியில என்ன? தேளா?"

நான் கம்பளத்தின் ஓரத்தை அமுக்கப் பாய்ந்தேன். வள்ளியம்மைதான் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னாள்: "பதில் இருக்கு சார்."

அப்புறம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. தலைமையாசிரியர் தூணோடு தூணாக நின்றார். அதிகாரி கம்பளத்தைச் சுருட்டச் சொன்னார். "வந்தவுகளுக்கு விரிக்கிறதுதான் இந்த வீட்டு வழக்கம். சுருட்டச் சொன்னது நீங்கதான் மொத ஆளு" என்று ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பணியாரம் எடுத்துவர உள்ளே போனார். (கோபம் வேறு, பணியாரம் வேறு.)

அதிகாரி கறுப்பு வெள்ளைக் கட்டத்தில் நின்ற வள்ளியம்மையைப் பார்த்தார். "நான் ரெண்டு வாக்கியம் சொல்றேன். சேர்த்துச் சொல்லு பார்ப்போம். அவர் டீச்சர் ஒர்க்ட் ஹார்ட். வீ லேர்ன்ட் நத்திங்." எங்கள் டீச்சர் பாடுபட்டார், நாங்கள் ஒன்றும் கற்கவில்லை.

'பட்' போடுடி என் தாயே, 'பட்' போடு என்று மனசுக்குள் கதறினேன். வள்ளியம்மை குனிந்தாள். கட்டத்தைப் பார்த்தாள். சந்தோஷமாக நிமிர்ந்தாள்.

"அவர் டீச்சர் ஒர்க்ட் ஹார்ட், ஸோ வீ லேர்ன்ட் நத்திங்."

டீச்சர் பாடுபட்டார், *அதனால்* நாங்கள் ஒன்றும் கற்கவில்லை. அதிகாரி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பே தெரியாது என்று நினைத்த மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இதுல தப்புன்னு சொல்ல ஒண்ணும் இல்லையேம்மா!" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. நாளைக்கே ரைஸ்மில் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பணியாரத்தைத் தின்று கையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "அடுத்த வருஷம் வருவேன். அதுவரைக்கும் வேலை தற்காலிகம்தான். புள்ளைங்க தரையைப் பார்க்கக் கூடாது, உங்களைப் பார்க்கணும். புரிஞ்சுதா?"

ஒரு வருஷத் தவணை என்று அப்பாவுக்கு எழுதினேன். "சரி, ஒரு வருஷம்தானே" என்று விட்டார். அத்தை மகன் அதுவரை பொறுக்கவில்லை. (அவர் கட்டிக்கொண்டதும் ஒரு டீச்சரைத்தான். உப்பு எப்படி என்று நான் விசாரிக்கவில்லை.) பள்ளிக்கூடக் கூரையும் போட்டாயிற்று. சாணி மெழுகிய தரையில் உட்கார வைத்து, 'அதனால்' என்றால் என்ன, 'ஆனால்' என்றால் என்ன என்று, ஆச்சி கம்பளத்தையே கதையாக்கி, தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தேன். மறுவருஷம் அதிகாரி வந்தார். உள்ளே நுழைந்ததும் முதலில் தரையைத்தான் பார்த்தார். வேலை நிலைத்தது.

இப்போதும் எங்கள் வீட்டில் சாவி காணாமல் போனாலும், பேரனுக்குக் கணக்கு வராவிட்டாலும், "கம்பளத்தைத் தூக்கிப் பாரு" என்பார்கள். அதை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நான் ஓய்வு பெற்ற நாளில் பாராட்டுரைக்கு வந்திருந்தாள் வள்ளியம்மை. அவளும் இங்கிலீஷ் டீச்சராகியிருந்தாள். "எங்கள் டீச்சரைப் பற்றி இரண்டு வார்த்தை" என்று மைக்கைப் பிடித்தவள், சட்டென்று நிறுத்தினாள். சபை முழுக்கப் பார்த்திருக்க, குனிந்து, மேடை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

"அவர் டீச்சர் ஒர்க்ட் ஹார்ட்," என்றாள் நிமிர்ந்து, "ஸோ ஐ ஆம் ஹியர்."

நான் அழுதுகொண்டே அவளைத் திட்டினேன். சரியான சொல்லைத்தான் போட்டிருந்தாள், கழுதை.