எல்லாம் காப்பிதானே!

தேதி தவறாமல் டைரி எழுதுகிறவன் வேறெதிலும் தவறமாட்டான் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, தாம்பரத்தில் வைத்து நான் கெடுத்தேன். (நேரம்கூட டைரியில் இருக்கிறது. புத்திதான் இருந்ததில்லை.)

தொண்ணூறுகளின் கடைசி. தண்ணீர் பம்புகளுக்குக் கையேடு தயாரிக்கும் சின்ன அலுவலகம். பக்கத்து மேஜை சுபைதா அக்கா டைப் செய்வார். நான் பிழை திருத்துவேன். நாற்பத்திரண்டு பக்கக் கையேடு ஒன்றை வெள்ளி மாலைக்குள் முடித்தால் அக்காவுக்கு வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை எங்கள் கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்தார்கள்.

"அக்கா மெஷின்ல இருக்கிற கையேடு ஃபோல்டரை ஷேர் பண்ணிட்டேன் சார்," என்றார் இணைக்க வந்த இன்ஜினியர். "உங்களுக்குப் படிக்க மட்டும் போதுமா, திருத்தவும் வேணுமா?"

"திருத்துறதுதானே சார் என் வேலையே?" என்றேன், சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி.

அந்த ஃபோல்டர் என் திரையில் தோன்றியது. அவர் மெஷினிலிருந்து கேபிள் வழியாக ஒரு காப்பி வழிந்து வந்து என் மெஷினில் நிரம்பிவிட்டது என்று புரிந்துகொண்டேன். (பம்பு அலுவலகம். வேறெப்படிப் புரியும்?)

மறுநாள் என் மெஷின் ஊர்ந்தது. இடம் போதவில்லை போல. ஒரிஜினல்தான் அக்காவிடம் இருக்கிறதே, இந்தக் காப்பி எதற்கு? அழித்தேன். 'நிச்சயமாகவா?' என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. நிச்சயமாக என்றேன்.

"தம்பி, இங்க வா. என் ஃபோல்டர் காணோம்."

"உங்களுக்கும் காணோமா? என்கிட்ட இருந்த காப்பியை இப்பதான்க்கா அழிச்சேன்."

"காப்பியா? இன்னா காப்பி?"

இன்ஜினியருக்குப் போன் போட்டோம். "அது காப்பி இல்ல சார். அக்கா வீட்டை உங்க ஜன்னல் வழியா பாத்தீங்க, அவ்ளோதான். நெட்வொர்க்ல அழிச்சா குப்பைத்தொட்டிக்கும் வராது. நேரா மேலோகம்."

"ஃப்ளாப்பில ஒண்ணு எடுத்து வெச்சிருப்பீங்களே அக்கா?"

"கேபிள்தான் வந்துடுச்சேன்னு நேத்துதான் அதை அழிச்சுட்டு வேற ஃபைல் ஏத்துனேன்." அக்கா திட்டவில்லை. வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம்.

என்னைக் காப்பாற்றியது, அலுவலகமே கேலி செய்த என் வியாதி. திருத்திய அச்சுத்தாள்களை நான் எறிவதே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் தேதி, நேரம் போட்டு டிராயரில் அடுக்கியிருந்தேன். நான் வாசிக்க வாசிக்க, அக்கா மறுபடி டைப் செய்தார். இரண்டு நாளும் மதியச் சாப்பாடு மேஜையிலேயே. வெள்ளி நாலரைக்கு நாற்பத்திரண்டாம் பக்கம்.

"ஏன் கடைசி நேரம் வரைக்கும்?" என்றார் மேனேஜர்.

"கேபிள் புதுசு சார். பழகணும்," என்றார் அக்கா.

வேலை நிரந்தரமானது. மேனேஜரிடம் மறைத்ததை அக்கா வேறு யாரிடமும் மறைக்கவில்லை. என் கல்யாண வரவேற்பில் மேடையேறி, என் மனைவியின் காதில் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

இன்றும் காலையில் டம்ளரை நீட்டும்போது என் மனைவி சொல்வாள்: "இது நிஜமாவே காப்பிதான். தைரியமா காலி பண்ணுங்க."