டெல்பெர்ட்டின் வண்டியில் சுரைக்காய்

வண்டிக் கதவைத் திறந்ததும் டெல்பெர்ட் வாஸுக்குக் கோபம் தலைக்கேறியது. முன் இருக்கையில் நான்கு சுக்கினிச் சுரைக்காய்கள், ஊருக்குக் கிளம்பிய விருந்தாளிகள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தன.

"ஆர்லீன், மறுபடியும் வெச்சிட்டுப் போயிருக்கான்."

"யாரு?" என்றாள் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து.

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க நின்னு கத்துறேன்? நல்ல மனசோட கொடுக்கறவன் கதவைத் தட்டிக் கொடுப்பான். இது நக்கல்."

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து அந்தச் சிற்றூரின் உள்ளூர் உணவுச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஐம்பது மைலுக்கு அப்பால் விளைந்த எதையும் கோடை முடியும்வரை தின்பதில்லை, எதையும் வீணாக்குவதில்லை என்று தேவாலயக் கூடத்தில் அத்தனை பேரையும் கை தூக்க வைத்தவர். வாழைப்பழம் தின்ற ஒருவரை எழுந்து நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர். அப்பேர்ப்பட்டவரின் தோட்டத்தில் ஜூன் மாதம் மான்கள் புகுந்து ஓர் இலை விடாமல் மேய்ந்துவிட்டன.

அவர் வாயைத் திறக்கவில்லை. யாரும் எட்டிப் பார்க்காதபடி வேலியைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினார். அடுத்த மாவட்டத்து சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி வாங்கி, நாய்த் தீனி மூட்டைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை அறுவடை விருந்து. அவரவர் தோட்டத்தில் விளைந்ததைச் சமைத்து எடுத்துப் போக வேண்டும். விஷயம் வெளியே தெரிந்தால் அந்த ஊரில் அவர் தலைகாட்ட முடியாது.

"இந்தச் சுரைக்காயையே சமைச்சு எடுத்துட்டுப் போலாமே," என்றாள் ஆர்லீன்.

"அடுத்தவன் காயை என் காய்னு சொல்லச் சொல்றியா? எனக்கு மானம் இருக்கு."

"அந்த மானம் கடைத் தக்காளி வாங்கறப்ப எங்க போச்சு?"

டெல்பெர்ட் வண்டியைக் கிளப்பினார். வீணாக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். காய்களைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய், இல்லாதவர்களுக்கென்று போட்டிருக்கும் மேசையில் வைத்தார். சமையல்கூடத்தைக் கவனிக்கும் லவோன் எட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்தையுமா கொடுக்கறீங்க? வீட்டுக்கு வேணாமா?"

"எங்க தோட்டத்துலதான் காய்ச்சுக் கொட்டுதே."

லவோன் காய்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். "சரிங்க," என்றாள்.

மறுநாள் இருக்கையில் எட்டு. ஒன்று கன்றுக்குட்டியின் தொடை அளவுக்கு இருந்தது.

டெல்பெர்ட் வண்டியைப் பூட்டினார். அந்த ஊரில் வண்டியைப் பூட்டுவது, பக்கத்து வீட்டுக்காரனைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். மதியத்துக்குள் பக்கத்து வீட்டு மெர்ல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"டெல்பெர்ட், நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?"

"இல்லையே."

"அப்ப சரி. மழை வரும்போல."

அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்கள் எதையும் நேராகக் கேட்க மாட்டார்கள். வீடு பற்றி எரிந்தாலும் வெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். நினைத்தாலே எரிச்சல் வரும். மெர்ல் முகம் வாடிப் போனார். மறுநாள் காலை, பூட்டிய வண்டியின் கூரைமேல் சுரைக்காய்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"கூரைமேலயா? என் கூரைமேலயா?" டெல்பெர்ட் அத்தனையையும் வாரிக்கொண்டு போய் மெர்லின் பன்றிகளுக்கு வீசினார். கொட்டகையிலிருந்து மெர்ல் எல்லாவற்றையும் பார்த்தார். அடுத்த நாள் வாசற்படியில் ஒரு பெட்டி நிறையச் சுரைக்காய், மேலே சுரைக்காய் போட்டுச் சுட்ட ரொட்டி.

"ரொட்டி நல்லாருக்கு," என்றாள் ஆர்லீன், வாயில் போட்டபடி.

"துப்பு அதை."

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் டெல்பெர்ட்டின் தக்காளிப் பாத்திரமும் மேசையில் இருந்தது. ஜெபம் முடிந்து எல்லாரும் கரண்டியை எடுத்ததும், பொறுக்க முடியாமல் எழுந்தார்.

"எல்லாரும் நிறுத்துங்க. என் வண்டியில சுரைக்காய் வெச்சு என்னைக் கேலி பண்றது யாரு? ஆம்பளையா இருந்தா எழுந்து நிக்கட்டும்."

எல்லாரும் குனிந்து தட்டுகளைப் பார்த்தார்கள்.

"மெர்ல், நீதான். உன் மூஞ்சியே சொல்லுது. நாப்பது வருஷம் பக்கத்துல இருந்துட்டு எனக்குக் குழி பறிக்கறே. இனிமே என் வீட்டுப் பக்கம் வராதே."

மெர்லின் காதுகள் சிவந்தன. "பீன்ஸும் சேத்து வெச்சிருக்கணும்," என்று முணுமுணுத்தார். "எனக்குத் தோணல."

டெல்பெர்ட் மேசையைத் தட்டினார். இன்னும் கத்துவதற்கு மூச்சை இழுத்தார். அதற்குள் லவோன் அவர் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு தக்காளித் துண்டின் தோலில் கடை ஸ்டிக்கர் வெந்தும் வேகாமலும் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதை நகத்தால் கிள்ளி எடுத்து இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு அவர் தோளைத் தொட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்:

"உக்காருங்க டெல்பெர்ட், ஜூன்லயே மான் உங்க தோட்டத்தை மொட்டையடிச்சது ஊருக்கே தெரியும், கேட்டா சங்கடப்படுவீங்கன்னுதான் ஆளாளுக்குக் கொண்டுவந்து சொல்லாம வெச்சிட்டு வந்தோம், நீங்க என்னடான்னா பட்டினி கிடந்து அதையும் தானம் பண்றீங்களேன்னு மனசு கேக்காம தினமும் கூட ரெண்டு வெச்சோம்."